‘விமர்சனம்’: ஒரு பரிசுப் பெயரின் மொழிபெயர்ப்பு

கொலம்பியா பல்கலைக்கழகம் வழங்கிவரும் புலிட்சர் பரிசுகளில் ‘கிரிட்டிசிசம்’ என்னும் பிரிவு 1970இல் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கட்டடக்கலை பற்றி எழுதிய அடா லூயிஸ் ஹக்ஸ்டபிள் முதற் பரிசைப் பெற்றார். இசை, நடனம், திரைப்படம் ஆகியவற்றோடு நில்லாமல், 2004இல் மோட்டார் வாகனங்கள் பற்றி எழுதிய டான் நீலுக்கும், 2007இல் உணவகங்கள் பற்றி எழுதிய ஜொனாதன் கோல்டுக்கும் இப்பரிசு கிடைத்தது. இவையனைத்தையும் ஆங்கிலத்தில் ஒரே சொல் தாங்கி நிற்கிறது. அதனைத் தமிழில் பெயர்ப்பவர்க்குச் சிக்கல் இங்கேதான் எழுகிறது.

கல்வியுலகம் விரும்பும் சொல் ‘திறனாய்வு’. இலக்கியத்திற்கு அது பொருந்தும். ‘உணவகத் திறனாய்வு’ என்பதோ செவிக்கு ஒவ்வாது. மேலும், ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்னும் வழக்கால் மாணவர் திறனை அளத்தல் என்ற பொருளும் அச்சொல்லில் ஏறியுள்ளது. ‘மதிப்புரை’ பெரிதும் நூலுக்கே உரியது.

எஞ்சுவது ‘விமர்சனம்’. தொட்டறிதல், ஆராய்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த இச்சொல், இன்றைய நாளிதழ்த் தமிழில் கண்டனத்தையும் குறிக்கிறது. அண்டை மொழிகள் இவ்விரு பொருளையும் பெரும்பாலும் இரு சொற்களுக்குப் பகிர்ந்தளித்துள்ளன. கன்னடத்தில் ஆய்வுக்கு ‘விமர்செ’, கண்டனத்திற்கு ‘டீகெ’. மலையாளத்தில் ஆய்வுக்கு ‘நிரூபணம்’, கண்டனத்திற்கு ‘விமர்சனம்’. பெங்களூரு விவேக் நகர் போன்ற பகுதிகளில் தமிழ், கன்னட நாளிதழ்களைச் சேர்த்துப் படிப்பவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும். வடமொழியில் உரை எனப் பொருள்படும் ‘டீகா’ கன்னடத்தில் கண்டனமாயிற்று என்பதும் நோக்கத்தக்கது.

தமிழில் பொருளைப் பிரித்துக் காட்டுவது சொல்லன்று, தொடரமைப்பே. ‘படத்தின் விமர்சனம்’ என்பதில் கண்டனம் இல்லை. ‘படத்தின் மீதான விமர்சனம்’ எனில் குறைகூறல் தொனிக்கிறது. ‘அமைச்சர் மீது விமர்சனம்’ என்றால் வேறு பொருளுக்கு இடமேயில்லை. ‘நாடகத்தை விமர்சித்தார்’ என்பது இருபொருள்படும். ‘அரசை விமர்சித்தார்’ என்பது கண்டனம் ஒன்றையே தரும். பெயருக்கு முன் அடையாக வரும் கலைப்பெயர் கண்டனப் பொருளைத் தடுக்கிறது. ‘இசை விமர்சனம்’ என்பதை இசைக்கு எதிரான பேச்சு என எவரும் கொள்வதில்லை. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி எழுதியவையும், கடுமைக்குப் பெயர்பெற்ற சுப்புடு (1917–2007) எழுதியவையும் இப்பெயராலேயே சுட்டப்படுகின்றன. இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் 1984ஆம் ஆண்டுக்குரியவற்றில் முதலில் இடம்பெற்ற பிரிவையும் தமிழ் நாளிதழ்கள் ‘சிறந்த திரைப்பட விமர்சகர்’ விருது என்றே எழுதுகின்றன.

ஆகவே புலிட்சர் பிரிவை ‘விமர்சனத்துக்கான பரிசு’ என வாளா பெயர்ப்பது மயக்கம் தரும். அரசியல் கண்டனத்துக்குப் பரிசு என்று வாசகர் கொள்ளக்கூடும். மூலத்தில் இல்லாவிடினும் ‘கலை’ என்னும் அடையைச் சேர்ப்பதே தக்கது. டான் நீலின் மோட்டார் வாகனம் அவ்வடைக்குள் அடங்காமல் வெளியே நிற்கும். அதற்கு ஓர் அடிக்குறிப்பு போதும்.