புகையை நம்பலாகாது

மண் பூசி மூடிய கரிமூட்டத்தைத் திறந்து பார்க்க வழியில்லாத கரி சுடுபவர், வெள்ளையாக எழுந்த புகை மெல்ல மெல்ல மங்கிய நீலமாவதைக் கண்டே உள்ளே விறகு பக்குவமாயிற்று என்று நிச்சயிக்கிறார். கல்லீரலில் தோன்றிய புற்றுக்கட்டியை, வயிற்றைக் கிழிக்காமல், தோல் வழியே செலுத்திய ஊசியின் உஷ்ணத்தால் சுட்டழிக்கும் வைத்தியரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஆனால் புகையை நம்பும் சௌகரியம் அவருக்கு இல்லை.

அதிவேகமாகத் திசை மாறும் மின்சாரம் தசைகளைத் துடிக்கச் செய்யாமலே தேகத்தினூடே செல்லும் என்று 1891-இல் காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி தார்சொன்வால். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1990-இல், இத்தாலியில் ராஸ்ஸியின் குழுவும் அமெரிக்காவில் மெக்காஹனின் குழுவும் தனித்தனியே அதைக் கல்லீரல் திசுவைச் சுடப் பிரயோகித்தன. வினாடிக்குச் சுமார் 5 லட்சம் தடவை அலைவுறும் மின்னோட்டம் ஊசிமுனையைச் சுற்றியுள்ள அயனிகளை அலைக்கழிக்க, அந்த உராய்வில் பிறக்கும் வெப்பம் 60 டிகிரி செல்சியஸை எட்டியதும் செல்கள் கணத்தில் மடிகின்றன. 100-ஐத் தாண்டினாலோ திசு கரிந்து, மின்சாரத்துக்கே வழி அடைபட்டு, காரியம் கெடுகிறது. மைக்ரோவேவ் ஊசிக்கு இந்தத் தடை குறைவு.

சுடும்போது திசுவிலிருந்து எழும் வாயுக் குமிழிகள் அல்ட்ராசவுண்ட் திரையில் வெண்மேகமாகப் பரவி, கட்டியையே மறைத்துவிடுகின்றன. மேகம் பரவிய இடமெல்லாம் வெந்துவிட்டது என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ரத்தநாளம் ஒன்று கட்டியை ஒட்டிச் சென்றால், தண்ணீரில் வைத்த பால் பாத்திரம் ஆறுவதுபோல, ஓடும் ரத்தம் அப்பக்கத்து உஷ்ணத்தை வாரிச் சென்றுவிட, அங்கே சில செல்கள் பிழைத்திருக்கும்.

ஆகையால் மரணத்துக்கு வேறு அடையாளம் தேடவேண்டியதாயிற்று. அது ரத்த ஓட்டம் நின்றுபோவது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையினுடையது. புற்றோ பெரும்பாலும் தமனியின் ரத்தத்தையே குடித்து வளர்வது. எனவே சாயமருந்தைச் செலுத்தி, அது தமனியில் பாயும் சில வினாடிகளில் சி.டி. படம் எடுத்தால், உயிருள்ள புற்று ஒளிரும். வெந்த பகுதி இருண்டு கிடக்கும். அந்த இருளின் ஓரத்தில் பிறைபோல் ஒரு துண்டு ஒளிர்ந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். இங்கும் ஒரு சூது உண்டு: சூடுபட்ட நல்ல திசு ரத்தம் மிகுந்து சிவப்பதால், விளிம்பைச் சுற்றிலும் சீரான மெல்லிய வளையம் ஒன்று தானும் ஒளிர்கிறது. வளையமா, புற்றின் மிச்சமா என்று பிரித்தறிவதில்தான் நிபுணரின் அனுபவம் பேசுகிறது. சிவப்பணுவினும் சிறிய வாயுக் குமிழிகளை ரத்தத்தில் கலந்து அல்ட்ராசவுண்டிலேயே இச்சோதனையைச் செய்வதும் உண்டு. நோயாளியை மேஜையிலிருந்து நகர்த்தவேண்டியதில்லை.

கட்டி வெந்தால் மட்டும் போதாது. சுற்றிலும் குறைந்தது 5, கூடுமானால் 10 மில்லிமீட்டர் நல்ல திசுவும் வேகவேண்டும். 3 சென்டிமீட்டர் கட்டிக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர் வரை சுடவேண்டும் என்று இதற்குப் பொருள். இதை இரண்டு படங்களை அருகருகே வைத்துக் கண்ணால் அளப்பது, எவ்வளவு தேர்ந்த கண்ணாயினும், ஒருவகை உத்தேசமே என்பது என் அபிப்பிராயம். மூச்சுக்கு மூச்சு கல்லீரல் இடம்பெயர்கிறது, வெந்த திசு சுருங்குகிறது. மயக்கத்திலிருக்கும் நோயாளியின் சுவாசத்தை ஒரே நிலையில் நிறுத்தி, சுடுமுன்னும் சுட்டபின்னும் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போதுதான், எத்திசையில் விளிம்பு மெலிந்தது என்பது மில்லிமீட்டர் கணக்கில் புலப்படுகிறது. மாதம் ஒன்று கழித்து எடுக்கும் ஸ்கேனில் தெரியவிருந்த குறை அப்போதே தெரிந்துவிட, அப்போதே இன்னொரு முறை சுடலாம்.

எம்.ஆர்.ஐ. யந்திரமோ, வேகும்போதே உஷ்ணத்தை அளக்க வல்லது. தண்ணீரிலுள்ள புரோட்டானின் அதிர்வெண், ஒரு டிகிரி சூடேறினால் பத்துக் கோடியில் ஒரு பங்கு குறைகிறது. அந்த அற்ப வித்தியாசத்தைக் கொண்டே வெப்பப் படம் வரைந்துவிடுகிறார்கள். காந்தத்துக்கு ஒத்த ஊசியும் மிகுந்த பொருட்செலவும் வேண்டியிருப்பதால் அது எங்கும் பரவவில்லை.

படம் திருப்தி தந்தபின்னும் வைத்தியர் ஊசியைச் சட்டென்று உருவிவிடுவதில்லை. புற்றின் துகள் வழியில் ஒட்டிக்கொள்ளாதிருக்கவும் ரத்தம் கசியாதிருக்கவும், வந்த பாதையைச் சுட்டுக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்கிறார். தோலில் எஞ்சுவது ஒரு சிறு பிளாஸ்திரி.