பீஸ் போவது தொல்லை அல்ல, எச்சரிக்கை



கத்திரி வெயில் வந்துவிட்டால் நம் கடைகளில் சர்பத், குளிர்பானம், மோர் பாக்கெட் வியாபாரம் நன்றாக நடக்கும். அதே நாட்களில்தான் நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளும் அளவுக்கு மீறிச் சூடாகின்றன. தென்னேரி, வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கடைக்காரர்களில் பலருக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் எண்ணெய் டின், சாக்கு, அட்டைப்பெட்டி, கற்பூரம், தீப்பெட்டி பண்டல் எல்லாம் அடுக்கி வைத்திருப்போம். வீட்டில் ஒரு சுவிட்ச் பெட்டி கருகினால் அது வீட்டோடு நிற்காது. ஆகவே வீட்டு மின்பளுவைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுவது பொருத்தமே என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் கோடை மின்தேவை எந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது என்பதற்கு ஒரு கணக்கு. 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இல்லாத அளவு அது. முன்பெல்லாம் பட்டணத்துப் பெரிய வீடுகளில் மட்டும் இருந்த ஏ.சி. இன்று கிராமத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. கருவிகள் வந்தன, கம்பிகள் மட்டும் வீடு கட்டியபோது போட்டவையே. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் பிரசவத்துக்கு வந்த மகளுக்காக வீட்டில் ஏ.சி. மாட்டினேன். தனி லைன் இழுக்கச் செலவாகும் என்று, பக்கத்தில் இருந்த சுவிட்ச் பெட்டியிலிருந்தே இணைப்புக் கொடுக்கச் சொன்னேன். அது விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட மெல்லிய கம்பி. ஃபிரிட்ஜும் அதே லைனில்தான் இருந்தது. இரண்டு நாள் தொடர்ந்து இரவில் பீஸ் போயிற்று. எரிச்சலில் கடைப் பையனிடம், "ஒரு நூல் போதாது, நாலு நூலாகச் சேர்த்துக் கட்டு" என்றேன். அதன் பிறகு பீஸ் போகவே இல்லை. எனக்குத் திருப்தி.

நான்காம் நாள் நள்ளிரவில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து என் மனைவி எழுப்பினாள். மெயினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், சுவிட்ச் பெட்டி கருத்து, உள்ளே கம்பியின் மேலுறை உருகி ஒழுகியிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி நல்லெண்ணெய் டின்கள். அடுத்த அறையில் மகளும் குழந்தையும். மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "ஐயா, பீஸ் எரியாமல் பார்த்துக்கொண்டீர்கள். அதனால் வயர் எரிந்தது."

கம்பி ஏன் சூடாகிறது?

நம் ஏரிப் பாசனக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்காலின் அளவுக்குத்தான் மதகைத் திறக்கலாம். அதற்கு மேல் திறந்தால் கரை உடையும். மின்கம்பியும் வாய்க்கால் போலத்தான். அதன் பருமனுக்கு ஏற்ற மின்னோட்டத்தைத்தான் தாங்கும். அந்த மின்னோட்டத்தை ஆம்பியர் என்ற கணக்கில் சொல்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகும். மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு. எனவே "கொஞ்சம்தானே கூடுதல்" என்று நினைப்பது தவறு.

கோடையில் இது மேலும் மோசமாவதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில், இரவு முழுவதும் ஓடுகின்றன. இரண்டு, தளத்திலும் சுவரிலும் பதித்த குழாய்க்குள் இருக்கும் கம்பி, ஏற்கெனவே வெயிலில் காய்ந்த கட்டடத்துக்குள் இருப்பதால் தன் சூட்டை வெளியேற்ற முடிவதில்லை. வீடுகளில் போடும் சாதாரண பி.வி.சி. உறைக் கம்பி 70 டிகிரி வரைதான் தாங்கும்படி செய்யப்படுகிறது. மூன்று, மாலையில் மின்னழுத்தம் குறையும்போது மோட்டார் உள்ள கருவிகள் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். ஸ்டெபிலைசர் வைத்தால் கருவி பிழைக்கும். ஆனால் குறைந்த அழுத்தத்தை உயர்த்திக் கொடுக்க, அதுவும் லைனிலிருந்து கூடுதலாகவே இழுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒவ்வொரு கருவியின் பின்புறமும் வாட் அளவு அச்சிட்டிருக்கும். வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1,000 வாட்டுக்குச் சுமார் நாலரை ஆம்பியர் என்று நினைவில் வைத்தால் போதும். ஒரு நடுத்தர வீட்டின் கணக்கு உத்தேசமாக இப்படி வரும்:

ஒன்றரை டன் ஏ.சி. – 1,700 வாட்
இஸ்திரிப் பெட்டி – 1,000 வாட்
1 எச்.பி. தண்ணீர் மோட்டார் – 1,000 வாட்
மிக்சி – 750 வாட்
ஃபிரிட்ஜ் – 200 வாட்
மின்விசிறி 5 – 375 வாட்
எல்.இ.டி. விளக்கு 8 – 80 வாட்
டி.வி. – 100 வாட்

மொத்தம் 5,205 வாட். அதாவது 22 ஆம்பியருக்கு மேல். மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஓடத் தொடங்கும் நொடியில் தம் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு இழுக்கும். பேரேட்டில் கடன் பாக்கி கூட்டிப் பார்ப்பது போல, ஒரு தாளில் உங்கள் வீட்டுக் கணக்கை எழுதிப் பாருங்கள். பலர் அதிர்ச்சி அடைவார்கள்.

கம்பியும் பாதுகாப்பும்

செம்புக் கம்பியின் பருமனைச் சதுர மில்லிமீட்டரில் சொல்வார்கள். விளக்கு, மின்விசிறிக்கு 1 அல்லது 1.5, பெரிய பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்று தனித்தனியாகப் போடுவது வழக்கம். ஏ.சி., வாட்டர் ஹீட்டர், மோட்டார் ஆகிய மூன்றுக்கும் மெயின் பெட்டியிலிருந்தே தனி லைன் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கம்பியையே வாங்குங்கள். நாம் தரம் பார்த்துப் பருப்பு வாங்குகிறவர்கள். சுவருக்குள் போகும் சரக்கில் மட்டும் மலிவு பார்க்கலாமா?

பழைய பீஸ் கட்டைக்குப் பதிலாக எம்.சி.பி. போடுவது நல்லது. ஆனால் எம்.சி.பி.யின் அளவு கம்பிக்குப் பொருந்த வேண்டும். 1.5 கம்பிக்கு 10 ஆம்பியர், 2.5 கம்பிக்கு 16 ஆம்பியர் என்பது பொதுவான முறை. "அடிக்கடி விழுகிறது" என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போடுவது, நான் நாலு நூல் கட்டச் சொன்னதற்குச் சமம்.

எம்.சி.பி. காப்பது கம்பியை; ஆளை அல்ல. மின்கசிவு ஏற்பட்டு யாராவது தொட்டால் உடனே துண்டிக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற கருவி தனியாக வேண்டும். அதோடு எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த வேலைகளை உரிமம் பெற்றவரைக் கொண்டே செய்யுங்கள்.

மின்வாரியத்துக்கும் சொல்லுங்கள்

இணைப்பு வாங்கியபோது எத்தனை கிலோவாட்டுக்கு அனுமதி பெற்றோம் என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்காது. கருவிகள் கூடினால் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தெருவில் எல்லோரும் சொல்லாமல் ஏ.சி. மாட்டினால், மின்மாற்றி தாங்காமல் முழுத் தெருவும் இருளில் கிடக்க நேரிடும்.

கடை ஃப்ரீசருக்கு வீட்டு இணைப்பிலிருந்து வயர் இழுப்பது இரட்டைத் தவறு. வீட்டு லைன் தாங்காது என்பது ஒன்று. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, அனுமதித்த வகைக்கு மாறாகப் பயன்படுத்தினால் உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு விதிக்கப்படும் என்பது மற்றொன்று. மின்தடை, மின்னழுத்தக் குறைவு போன்ற புகார்களுக்கு 2021-இல் தொடங்கிய மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் பேசலாம்.

அன்றாடம் செய்யக்கூடியவை

1. தண்ணீர் மோட்டாரை விடியற்காலையில் போடுங்கள். இஸ்திரி, மாவு அரைத்தல் ஆகியவற்றை மாலை ஆறு மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

2. ஏ.சி.யை 24 முதல் 26 டிகிரிக்குள் வைத்து, கூடவே மின்விசிறியையும் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. கூறுகிறது.

3. ஏ.சி., ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி எதையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள். அந்த வயரைச் சாக்குக்கு அடியிலோ பாய்க்கு அடியிலோ ஓட விடாதீர்கள்.

4. மாதம் ஒரு முறை பிளக்குகளைத் தொட்டுப் பாருங்கள். பிளக் சூடாக இருந்தாலோ, விளக்கு மங்கி எரிந்தாலோ, பெட்டியில் சடசடவென்று சத்தம் வந்தாலோ, கருகிய வாடை அடித்தாலோ, மெயினை நிறுத்திவிட்டு ஆளை அழைக்க வேண்டும். தளர்ந்த திருகாணி ஒன்றே போதும், தீப்பிடிக்க.

5. மீட்டருக்கும் மெயின் பெட்டிக்கும் முன்னால் சரக்கு அடுக்காதீர்கள். இருட்டிலும் கை எட்டும்படி இடம் விடுங்கள்.

6. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் தளத்தின் சூடு குறையும்; ஏ.சி.யின் வேலையும் குறையும்.

தீப்பிடித்துவிட்டால் முதலில் மெயினை நிறுத்துங்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. உலர் மணல், உலர் பவுடர் அல்லது கார்பன்-டை-ஆக்சைடு தீயணைப்பான் பயன்படுத்தலாம். கை மீறினால் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். சரக்கை எடுக்க உள்ளே ஓடாதீர்கள். சரக்கை மறுபடியும் வாங்கலாம்.

நிறைவாக ஒன்று. கடன் மிஞ்சுகிறது என்று எச்சரிக்கும் கணக்குப்பிள்ளையை நாம் வேலையை விட்டு அனுப்புவதில்லை. பீஸும் எம்.சி.பி.யும் அப்படிப்பட்ட கணக்குப்பிள்ளைகளே. அடுத்த முறை அது விழுந்தால் அதன் வாயை அடைக்காதீர்கள். எந்தக் கருவியின் பளு மிஞ்சியது என்று பாருங்கள். தனி லைன் இழுக்கும் செலவுக்கு அஞ்சி நான் மிச்சம் பிடித்தது சில ஆயிரம் ரூபாய். அந்த இரவில் இழக்க இருந்ததற்கு என்னால் இன்றும் விலை போட முடியவில்லை.