பேடு கட்டிக் காத்திருந்த பையன்!

குட்டீஸ்... உங்கள் பள்ளி கிரிக்கெட் டீம் ஒரு மேட்சில் ஜெயித்தால் என்ன நடக்கும்? மறுநாள் பிரேயரில் பெயர் வாசிப்பார்கள். தலைமை ஆசிரியர் கை குலுக்குவார். கேப்டனுக்கு ஒரு கைதட்டல். அத்தோடு முடிந்தது!

மும்பையில் கதையே வேறு. அங்கே ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளி மேட்சில் 300 ரன் அடித்து விட்டால், மறுநாள் பேப்பரில் படத்தோடு செய்தி வந்து விடும். வயதான தாத்தாக்கள் கூட, 'யாரப்பா அந்தப் பையன்?' என்று விசாரித்துக் கொண்டு மைதானத்துக்கு வருவார்கள். பள்ளிக்கூட மேட்சுக்கு இத்தனை மரியாதை தரும் ஊர், உலகத்திலேயே குறைவு தான்.

மும்பையின் பெரிய ரயில் நிலையமான சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது ஆசாத் மைதானம். அதில் மொத்தம் 22 பிட்ச்! ஒரே நேரத்தில் பத்து, பதினைந்து மேட்ச் நடக்கும். நம் மேட்சில் பாயின்ட்டில் நிற்கும் பையனுக்குப் பக்கத்திலேயே, அடுத்த மேட்சின் லாங்-ஆன் பீல்டர் முதுகைக் காட்டி நிற்பான். எந்தப் பந்து யாருடையது என்று கண்டுபிடிப்பதே ஒரு தனித் திறமை!

இங்கே தான் ஹாரிஸ் ஷீல்டு, ஜைல்ஸ் ஷீல்டு என்ற இரண்டு போட்டிகளுக்காக மும்பைப் பள்ளிகள் மோதுகின்றன. ஹாரிஸ் ஷீல்டு பெரிய பையன்களுக்கு; ஜைல்ஸ் ஷீல்டு 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. 1890 முதல் 1895 வரை பம்பாய் கவர்னராக இருந்த ஹாரிஸ் பிரபு, பெரிய கிரிக்கெட் பிரியர். அவர் பெயரில் துவங்கிய ஹாரிஸ் ஷீல்டுக்கு நூறு வயதுக்கு மேல். ஜைல்ஸ் ஷீல்டுக்கும் நூறு வயது தாண்டி விட்டது. உங்கள் கொள்ளுத் தாத்தா பிறப்பதற்கு முன்பே துவங்கிய பள்ளிப் போட்டிகள் இவை!

டைம் மேட்ச் என்பதால், பள்ளிப் பையன்கள் இரண்டு, மூன்று நாட்கள் ஆடுவார்கள். 'டியூஷன் போகணும், சீக்கிரம் அவுட் ஆகிடறேன்' என்பதெல்லாம் அங்கே நடக்காது. அவுட் ஆகாமல் நிற்பது தான் மும்பைக்காரர்களின் முதல் பாடம்.

ஸ்டம்பு மேல் ஒரு ரூபாய்

இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ராமகாந்த் அச்ரேக்கர். இவர் ஆடியது ஒரே ஒரு முதல் தர மேட்ச் தான். ஆனால், சிவாஜி பார்க் மைதானத்தில் இவர் பயிற்சி கொடுத்த பையன்களில் பலர், இந்தியாவுக்காக ஆடினர்.

இவரிடம் வந்து சேர்ந்தான் சுருட்டை முடிப் பையன் ஒருவன். பாந்த்ராவில் வீடு. 'கிரிக்கெட்டில் முன்னேற வேண்டுமானால் தாதரில் உள்ள சாரதாஷ்ரம் வித்யாமந்திர் பள்ளிக்கு மாறு' என்றார் அச்ரேக்கர். மாறினான். தினமும் பெரிய கிட் பையைத் தூக்கிக் கொண்டு பஸ்சில் போவான். 'இந்தப் பைக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுக்கிறாயா?' என்று கண்டக்டர்கள் கடுகடுப்பார்களாம். பிறகு, மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருந்த சித்தப்பா, சித்தி வீட்டில் தங்கி விட்டான்.

அந்தப் பையன் யார் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். சச்சின் டெண்டுல்கர் தான்!

மாலையில் சச்சின் களைத்துப் போகும் நேரத்தில், அச்ரேக்கர் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். அவுட் ஆக்கும் பவுலருக்கு அந்த ரூபாய். யாராலும் அவுட் ஆக்க முடியவில்லை என்றால் அது சச்சினுக்கு. அப்படி ஜெயித்த 13 நாணயங்களைச் சச்சின் பத்திரமாக வைத்திருக்கிறார். எத்தனையோ கோப்பைகள் வாங்கியவருக்கு அந்த 13 ரூபாய் பெரிய சொத்து!

ஒரு நாள் சாரதாஷ்ரம் சீனியர் அணி, வான்கடே மைதானத்தில் ஹாரிஸ் ஷீல்டு பைனல் ஆடியது. சச்சினுக்காக அன்று வேறு இடத்தில் ஒரு மேட்ச் ஏற்பாடு செய்திருந்தார் அச்ரேக்கர். சச்சினோ அதற்கு, 'டிமிக்கி' கொடுத்து விட்டு, பைனலில் கைதட்டப் போய் விட்டார். அங்கே நேருக்கு நேர் சாரிடமே மாட்டிக் கொண்டார். கிடைத்தது செம டோஸ்! மற்றவர்களுக்குக் கைதட்ட நீ இங்கு வர வேண்டாம். மற்றவர்கள் உனக்குக் கைதட்டும்படி ஆடு என்பது தான் அதன் சாரம்.

1987ல் இன்னொரு ஏமாற்றம். மும்பை கிரிக்கெட் சங்கத்தின் சிறந்த ஜூனியர் வீரர் விருது தனக்குத் தான் என்று நினைத்திருந்தார் சச்சின். கிடைக்கவில்லை. வாடிப் போயிருந்தவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சுனில் கவாஸ்கர்! இந்த விருதை வாங்கியவர்கள் பட்டியலைப் பார், அதில் ஒருவர் பெயர் இருக்காது. அவர் டெஸ்ட்டில் அப்படி ஒன்றும் மோசமாக ஆடி விடவில்லை என்று, தன்னையே கிண்டல் செய்து எழுதியிருந்தார் கவாஸ்கர். அவருடைய லேசான பேடுகளும் பரிசாகச் சச்சினுக்குக் கிடைத்தன.

664!

1988, பிப்ரவரி. ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதி. ஆசாத் மைதானத்தில் சாரதாஷ்ரம் அணியும், புனித சேவியர் பள்ளி அணியும் மோதின. சாரதாஷ்ரம் 84 ரன்னுக்கு இரண்டு விக்கெட். அப்போது ஜோடி சேர்ந்தனர் 14 வயது சச்சினும், 16 வயது வினோத் காம்ப்ளியும்.

அடித்தார்கள்... அடித்தார்கள்... மாலை வரை அடித்தார்கள். மறுநாள் காலையும் அடித்தார்கள்!

ஸ்கோர் மலை போல் ஏறி விட்டதால், 'டிக்ளேர் செய்யுங்கள்' என்று எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து துணைப் பயிற்சியாளர் கத்தினார். இரண்டு பேரும் அந்தப் பக்கமே திரும்பவில்லை! காதில் விழாதது போல், காம்ப்ளி பாட்டுப் பாடிக் கொண்டு நின்றாராம். கடைசியில் மதிய உணவு இடைவேளையில், அச்ரேக்கரே போனில் உத்தரவு போட்டு விட்டார். காம்ப்ளி அப்போது 349. 'ஒரே ஒரு ரன் சார்... 350 ஆகி விடும்' என்று கெஞ்சிப் பார்த்தார். ஊகூம்!

சாரதாஷ்ரம் இரண்டு விக்கெட்டுக்கு 748. காம்ப்ளி 349, சச்சின் 326. இருவருமே அவுட் இல்லை. பிரியாமல் சேர்த்தது 664 ரன். கிரிக்கெட்டில் அதற்கு முன் எந்த ஜோடியும் இத்தனை ரன் சேர்த்ததில்லை. பிறகு காம்ப்ளி பந்தும் வீசி, 37 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். எதிரணி 145ல் சுருண்டது.

இந்தக் கதையை எல்லாரும் இத்துடன் நிறுத்தி விடுவார்கள். எனக்கென்னவோ, அன்று மைதானத்தில் இருந்த வேறு இரண்டு பையன்கள் தான் ஞாபகத்துக்கு வருகின்றனர்.

ஒருவன், எதிரணியின் லெக் ஸ்பின்னர். 27 ஓவர் போட்டான். 182 ரன் கொடுத்தான். விக்கெட் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் பந்தைக் கடலில் வீசி விட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்தப் பையன் போகவில்லை. அவன் பெயர் சாய்ராஜ் பஹுதுலே. பின்னாளில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். மும்பைக்காக நூற்றுக்கணக்கில் விக்கெட் எடுத்தார்.

இன்னொருவன், சாரதாஷ்ரம் அணியில் அடுத்து பேட் செய்ய வேண்டிய 13 வயதுப் பையன். பேடு கட்டிக் கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். ஒரு விக்கெட் விழுந்தால் உள்ளே போகலாம். விழவே இல்லை! முதல் நாள் முழுக்கக் காத்திருந்தான். மறுநாளும் பேடு கட்டினான். டிக்ளேர் செய்ததும் அவிழ்த்து வைத்தான். ஒரு பந்து கூட ஆடவில்லை.

அவன் பெயர் அமோல் மஜும்தார்.

மஜும்தாரின் வாழ்க்கையே அப்படித் தான் ஆகி விட்டது. 1994ல் முதல் ரஞ்சி மேட்சிலேயே 260 ரன் அடித்தார். முதல் மேட்சில் இவ்வளவு ரன்னா என்று உலகமே அசந்தது. அதற்குப் பிறகும் அடித்துக் கொண்டே இருந்தார். முதல் தர கிரிக்கெட்டில் 11,167 ரன், 30 சதம். 2006-07ல் கேப்டனாக மும்பைக்கு ரஞ்சிக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் இந்திய அணியில் அப்போது டிராவிட், லட்சுமண், கங்குலி, கூடவே பள்ளித் தோழர் சச்சின்! இடமே காலியாகவில்லை. இந்தியாவுக்காக ஒரு மேட்ச் கூட ஆடாமலேயே ஓய்வு பெற்றார்.

2023 அக்டோபரில், இந்தியப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2025, நவம்பர் 2. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் மைதானத்தில் உலகக் கோப்பை பைனல். இந்தியப் பெண்கள் 298 ரன் எடுத்து, தென்னாப்பிரிக்காவை 246ல் சுருட்டினர். பெண்கள் உலகக் கோப்பையை இந்தியா வென்றது அது தான் முதல் முறை. வெற்றி பெற்றதும் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர் நேராக வந்து, பயிற்சியாளர் மஜும்தாரின் காலைத் தொட்டு வணங்கினார். அவர் 37 வருடத்துக்கு முன் பேடு கட்டிக் காத்திருந்த ஆசாத் மைதானம், அதே ஊரின் அந்தக் கோடியில்!

அந்த உலகக் கோப்பை அரையிறுதியில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127 ரன் அடித்து ஜெயிக்க வைத்த ஜெமிமா ரோட்ரிக்சும் மும்பைப் பள்ளி மாணவி தான். சின்ன வயதில் ஹாக்கியிலும் கில்லி. மகாராஷ்டிர ஜூனியர் அணிக்கே ஆடியிருக்கிறார்.

கட்டணம் கட்ட முடியாதவர்

போரிவலி பகுதியில் தாத்தா, பாட்டியோடு இருந்த ஒரு பையன், கோடைப் பயிற்சி முகாமில் ஆப் ஸ்பின் வீசினான். பயிற்சியாளர் தினேஷ் லாட் அதைப் பார்த்தார். 'எங்கள் சுவாமி விவேகானந்தர் பள்ளியில் வந்து சேர்' என்று அழைத்தார். பையனின் குடும்பத்தால் அந்தப் பள்ளிக் கட்டணத்தைக் கட்ட முடியாது. லாட் போய் நிர்வாகத்திடம் பேசினார். கட்டணம் தள்ளுபடி ஆனது!

ஸ்பின்னர் என்று தான் சேர்த்தார்கள். ஒரு நாள் அவன் பேட்டைச் சுழற்றிய அழகைப் பார்த்து விட்டு, 'நீ துவக்க வீரனாகப் போ' என்றார் லாட். போனவன் பள்ளிப் போட்டியில் சதம் அடித்தான். அந்தப் பையன், 2024ல் டி-20 உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ரோகித் சர்மா. அதே லாட், தூரத்துப் பால்கரில் இருந்து வந்த இன்னொரு பையனைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துக் கொண்டார். அவர் ஷர்துல் தாக்குர். ஹாரிஸ் ஷீல்டில், ஒரே ஓவரில் ஆறு சிக்சர் அடித்த ஆசாமி!

பிறகு ஸ்கோர்கள் இன்னும் எகிறின. 2009ல் ரிஸ்வி பள்ளிக்காக 439 அடித்த சர்பராஸ் கானுக்கு வயது 12. 2013ல் அதே பள்ளியின் பிருத்வி ஷா, 330 பந்தில் 546 ரன் அடித்தார். வயது 14. பிருத்விக்கு நான்கு வயதிலேயே அம்மா இல்லை. அப்பா தான் விராரில் இருந்து கூட்டம் பிதுங்கும் மின்சார ரயிலில் பையனைப் பயிற்சிக்குக் கூட்டிப் போவார். ஐந்தே வருடத்தில், முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார் பிருத்வி. சர்பராஸ் தான் பாவம், டெஸ்ட் தொப்பிக்காக 2024 வரை காத்திருந்தார்.

அப்புறம், அந்த நான்கு இலக்க ஸ்கோர்! 2016 ஜனவரியில் மும்பைக்குப் பக்கத்து ஊரான கல்யாணில், ஆட்டோ ஓட்டுனரின் மகன் பிரணவ் தனவாடே, பள்ளி மேட்சில் 1,009 ரன் அடித்தார். அவுட் இல்லை. 1899ல் இங்கிலாந்தில் காலின்ஸ் என்ற 13 வயதுச் சிறுவன் அடித்த 628 தான், 116 வருடமாக உலக சாதனையாக இருந்தது. அதைத் தாண்டி, ஆயிரத்தையும் தாண்டி விட்டார் பிரணவ். எதிரணி எடுத்தது 31, 52. எதிரணியில் பலர் மிகவும் பொடியன்கள். எல்லைக் கோடும் பக்கத்தில் தான். அந்தப் பொடியன்கள் இரண்டு நாள் பந்து பொறுக்கியதை நினைத்தால், கைதட்டும் போதே கொஞ்சம் சங்கடமாகத் தான் இருக்கிறது.

பிரணவுக்கு மும்பை கிரிக்கெட் சங்கம், மாதம் 10 ஆயிரம் ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. மறு வருடம் ரன் வரவில்லை. 'பையன் ஆட்டம் சரியில்லாத போது இந்தப் பணம் வேண்டாம்' என்று, உதவித்தொகையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்து விட்டார் அப்பா. 1,009 ரன்னைப் படித்து ஆச்சரியப்பட்டதை விட, ஆட்டோ ஓட்டும் அந்த அப்பாவைப் பற்றிப் படித்த போது தான் நான் அதிகம் ஆச்சரியப்பட்டேன்.

மழைக்காலம் முடிந்து மும்பை போகும் வாய்ப்புக் கிடைத்தால், ஆசாத் மைதானத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். டிக்கெட் கிடையாது. மரத்தடியில் நின்று பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை... எந்தப் பிட்சில் இருந்து பந்து பறந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தலை பத்திரம்!