சிசுவின் மூளையும் சமையல் உப்பும்

நாற்று நடுமுன் அடியுரம் இடுகிறோம். கதிர் வந்தபின் அதனை இட்டுப் பயனில்லை என்பதை உழவர் அறிவர். சிசுவின் மூளைக்கும் அவ்வாறே பருவம் உண்டு.

கருவில் மூளையணுக்கள் தோன்றிய இடத்திலிருந்து நகர்ந்து, தத்தமக்குரிய இடத்தில் அமைந்து, ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளுகின்றன. இவ்வேலையை நடத்துவது தைராய்டு சுரப்பு நீர். முதல் மூன்று மாதங்கள் சிசு இதனைத் தாயிடமிருந்தே பெறுகிறது. இச்சுரப்பு நீர் உண்டாக அயோடின் தேவை. அது மிகக் குறைந்தால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி குன்றும், செவிப்புலனும் பழுதுறலாம். பிறந்தபின் எவ்வளவு ஊட்டினும் அக்குறை முற்றும் நீங்குவதில்லை.

மழையும் வெள்ளமும் மண்ணின் அயோடினை அரித்துச் செல்கின்றன. அந்நிலத்து விளைபொருளிலும் அது குறைகிறது. இமயமலைச் சாரலில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் இதனால் கழுத்துக் கழலை மிகுந்திருந்தது. 1956-இல் தொடங்கி, டாக்டர் இராமலிங்கசுவாமி குழுவினர் அங்கு அயோடின் கலந்த உப்பை வழங்கினர்; கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு வேண்டியது 250 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. இதற்காக உப்பை மிகுதியாக உண்ண வேண்டுவதில்லை. உண்ணும் உப்பு அயோடின் கலந்ததாயிருத்தல் வேண்டும். ஆயினும் நம் சுற்றுப்பயணத்தில், அயோடின் சேராத கல் உப்பு சில கடைகளில் விற்பனையாவதைக் காண்கிறோம்.

ஆகவே, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊர்க் கடைகளிலும், அங்கன்வாடியிலும், சத்துணவுக் கூடத்திலும் உப்பு உறையின் குறிப்பைப் பார்த்தல் வேண்டும். வீட்டில் ஈரமும் வெயிலும் படாமல் மூடி வைத்தல் நலம். சாலையை அடுத்த ஆண்டும் போடலாம். கருவிலுள்ள சிசுவுக்கு அப்பருவம் மீண்டும் வாராது.