சினைப் பசுவும் கன்றின் எலும்பும்

கமக்காரர்களே, நமது யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறைமேல் அமைந்தது. கேத்திலின் அடியில் வெண்மையாய்ப் படிவதும் அச்சுண்ணமே. இந்நீரைக் குடிக்கும் பசுவுக்குக் கல்சியம் என்னும் சுண்ணச்சத்துக் குறையுமோ என நீங்கள் வினவலாம். சினைக்காலத்தில் நீரினால் மாத்திரம் அதன் தேவை நிறைவேறாது.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள்கள். கன்றின் எலும்புகள் பெரும்பாலும் இறுதி மூன்று மாதங்களிலேயே இறுகுகின்றன. அப்போது கன்று நாளொன்றுக்கு 10 கிராம் வரை கல்சியத்தைத் தாயிடமிருந்து பெறும். வியப்பு யாதெனின், தாயின் இரத்தத்திலும் பார்க்கக் கன்றின் இரத்தத்திலேயே கல்சியம் மிகுதி. பள்ளத்து நீர் தானே மேட்டுக்கு ஏறுவதில்லை. துலாவாலோ இயந்திரத்தாலோ இறைத்தல் வேண்டும். அவ்வாறே சூல்வித்தகம், அதாவது நஞ்சுக்கொடி, தாயிடமிருந்து கல்சியத்தைக் கன்றுக்கு இறைத்துக் கொடுக்கின்றது. அவ்விறைப்பை ஏவுவது கன்றின் பரதைரொயிட்டுச் சுரப்பியும் சூல்வித்தகமும் சுரக்கும் ஒரு புரதம் என்பது, 1980களில் செம்மறியாடுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளாற் புலனாயிற்று. தாயின் தீனியிற் குறைவு நேரினும் கன்று தன் பங்கைப் பெறும். தாயின் எலும்பே கரைந்து ஈடுசெய்யும்.

வைக்கோலிற் கல்சியம் குறைவு. தவிட்டிலோ மிகக் குறைவு. ஆதலின் சினைக்காலத்தில் அகத்தி, முருங்கை, கிளிசரிடியா இலைகளையும் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் ஈனுதற்கு முந்திய மூன்று கிழமைகளில் இவ்விலைகளைக் குறைத்து, சுண்ணத்தூளை அறவே நிறுத்துங்கள். நல்லெண்ணத்துடன் அதனை ஊட்டுவோர் பலர். தீனியிற் கல்சியம் மலிந்திருந்தால் தாயின் பரதைரொயிட்டுச் சுரப்பி சோம்பிவிடும். எலும்பிலிருந்து எடுக்கும் வேலை நின்றுவிடும். ஈன்றதும் 10 லீற்றர் கடும்புப்பாலில் 20 கிராமுக்கு மேற்பட்ட கல்சியம் வெளியேறும். பசுவின் இரத்தத்திலுள்ளதோ ஏறத்தாழ 3 கிராமே!

பிறந்த கன்றுக்கும் கொடி அறுந்ததும் இறைப்பு நின்றுவிடுகின்றது. அதன் குடலும் சுரப்பிகளும் அவ்வேலையை ஏற்றல் வேண்டும். எனவே முதற் சில மணி நேரத்துக்குள் கடும்புப்பாலை ஊட்டுங்கள்.

ஈன்ற பசு நடை தள்ளாடி, காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுக்குமாயின் அது பாற்காய்ச்சல். பெயர் காய்ச்சலாயினும் உடல் சுடாது. மூன்றாம் ஈற்றுக்குப் பின், மிகுதியாய்ப் பால் தரும் கலப்பினப் பசுக்களில் இது அதிகம். வாய்வழியாக எம்மருந்தும் ஊற்றாதீர்கள். விழுங்க இயலாமையால் அது நுரையீரலுட் புகும். பசுவைப் பக்கவாட்டிற் சரியவிடாது, வைக்கோற் கட்டுகளால் நெஞ்சின்மேல் நிமிர்த்தி அணைகொடுத்து, உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். அவர் கல்சிய மருந்தை இரத்தக் குழாயில் மெல்லச் செலுத்துவார். பெரும்பாலான பசுக்கள் சில மணி நேரத்துள் எழுந்துவிடும்.