கிழிந்த திரைச்சீலை

சென்ற பெரிய வெள்ளியன்று எம்முடன் ஆலயத்திற்கு வந்திருந்த நம் சங்கத்து நண்பர் ஒருவர், வழிபாடு முடிந்தபின் ஒரு வினா எழுப்பினார். "இயேசு சிலுவையில் உயிர் நீத்தது நகருக்கு வெளியே, அவ்வேளையில் எருசலேம் தேவாலயத்தின் உள்ளே இருந்த திரை கிழிந்தது என்று வாசித்தார்களே, இரண்டுக்கும் தொடர்பு யாது?" என்றார். அறிந்த அளவில் விடை கூற முயல்கிறேன்.

இத்திரையின் வரலாறு மோசேயின் காலத்து ஆசரிப்புக் கூடாரத்தில் தொடங்குகிறது. நீலம், ஊதா, சிவப்பு நூல்களால் கேருபீன்களின் உருவம் அமைய அதனை நெய்யவேண்டும் என யாத்திராகமம் 26-ஆம் அதிகாரம் விதிக்கிறது. திரைக்கு அப்பால் இருந்தது மகா பரிசுத்த ஸ்தலம். பிரதான ஆசாரியர் ஒருவரே, ஆண்டில் ஒரு நாள் மட்டும், பலியின் இரத்தத்தோடு அதனுள் நுழையலாம். ஏனையோர் வெளியே நிற்கவேண்டும். பிற்காலத்து ஆலயத்தில் அத்திரை 40 முழ நீளமும் 20 முழ அகலமும் ஒரு கையகலத் தடிப்பும் உடையதாயிருந்தது என்று யூதரின் மிஷ்னா நூல் கூறுகிறது.

அத்தகைய திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகின்றனர். மனிதர் கை கீழிருந்தன்றோ கிழிக்கும்? ஆகவே கிழித்தவர் கடவுளே என்பது கிறிஸ்தவர் கொள்கை. எபிரெயருக்கு எழுதிய நிருபமோ, அத்திரை கிறிஸ்துவின் உடலே என்றும், அதன் வழியாகக் கடவுளின் சந்நிதிக்குப் புதிய வழி திறந்தது என்றும் விளக்குகிறது.

கடவுள் யூதரைக் கைவிட்டதற்கு இது அடையாளம் என்பாரும் உளர், கி.பி. 70-இல் ரோமர் அவ்வாலயத்தை அழித்ததைச் சான்றாகக் காட்டுவர். அது பொருந்தாது. இயேசுவின் முதற் சீடரும் யூதரே. திரை கிழிந்த பின்னரும் அவர்கள் நாடோறும் அவ்வாலயத்திலேயே கூடினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆதலின் திரை கிழிந்தது உள்ளே இருந்தோரை வெளியே தள்ளுவதற்கன்று; வெளியே நின்றோரை உள்ளே அழைப்பதற்கே ஆகும்.

இவ்வளவும் நண்பருக்குச் சொல்லி முடித்தபோது என் உள்ளம் என்னையே உறுத்தியது. சாதியின் பேரால் கல்லறைத் தோட்டத்தையும் பிரித்து வைத்துள்ள கிறிஸ்தவர் நம் ஊர்ப்பக்கம் இன்னும் உளர். பிழைப்பு நாடி இத்தொலைவு வந்த பின்னரும், பெண் கொடுக்கும்போதும் வீட்டுக்கு விருந்து அழைக்கும்போதும் அப்பிரிவினையை மறவாதோர் நம்மிடையே உண்டு. கடவுள் கிழித்த திரையை நாம் மீண்டும் தைக்கலாமா? இதற்கு விடை கூறவேண்டியவர் அந்த நண்பர் அல்லர், கிறிஸ்தவராகிய நாமே.