நகரப் பூங்காவிற் பறவை நோக்கல்

காட்டிற்குச் சென்றாலன்றிப் பறவைகளை அறிதல் இயலாதென்பது நகரத்து மாணவர் பலரது எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது. வழிகாட்டுவார் எவருமின்றி, ஒரு குறிப்பேட்டுடன் தனித்துச் செல்லும் மாணவனும் நகர நடுவிலுள்ள பூங்காவிற் பறவை வாழ்வின் ஒழுங்கினைக் கண்டறிதல் கூடும். எங்கே, எவ்வாறு நோக்குவது என்னும் அறிவே அதற்கு வேண்டுவது. கொழும்பு விகாரமகாதேவி பூங்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை ஈண்டு விளக்குவாம்.

முன்னர் விக்டோரியாப் பூங்கா எனப்பட்ட இவ்விடம் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் படையினர் தங்குமிடமாயிருந்தது. போரின் பின் திருத்தப்பெற்று 1951இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1958இல் துட்டகைமுனு மன்னனுடைய அன்னையாரின் பெயரைப் பெற்றது. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை இதற்கு அணித்தேயுள்ளது. 1955இல் வெளிவந்து, இலங்கைப் பறவைகளைக் கற்போர்க்கு நெடுங்காலம் துணைநின்ற நூலை எழுதிய ஜி. எம். ஹென்றி அந்நூதனசாலையிற் பணியாற்றியவரே.

காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட பொழுதே பறவை நோக்கலுக்கு ஏற்றது. ஞாயிறு நம் முதுகுப்புறத்தே இருக்குமாறு நிற்றல் வேண்டும்; அன்றேல் எல்லாப் பறவையும் கருநிழலாகவே தோன்றும். நடப்பதினும் நிற்பதே பயன் மிகுந்தது. ஒரு மரத்தடியிற் பத்து நிமிடம் அசையாது நிற்பவன், பூங்கா முழுவதையும் விரைந்து சுற்றுபவனிலும் மிகுதியாகக் காண்பான். புதிய பறவையொன்றைக் கண்டவுடன் நூலைப் புரட்டலாகாது. அது சிட்டுக்குருவி அளவினதா, மைனா அளவினதா, காகத்தின் அளவினதா என்பதையும், அலகின் வடிவையும், செய்த தொழிலையும் முதலிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். நூல் பின்னரும் கிடைக்கும், பறவையோ பறந்துவிடும்.

இனி, பூங்காவை மூன்று தட்டுக்களாகப் பகுத்து நோக்குதல் நலம். முதலாவது மரமுடி. ஆலும் அத்தியும் பழுக்குங் காலத்திற் குயிலும் குக்குறுவானும் அங்கே கூடும். பசுமை நிறமுடைய குக்குறுவானை இலைகளுக்கிடையே காண்டல் அரிது. இடையறாத அதன் ஓசையே அதனைக் காட்டிக்கொடுக்கும். இது பட்ட கிளையைக் குடைந்து கூடு செய்வது. அது விட்டுச்சென்ற பொந்திற் பின்னர் வேறு பறவைகளும் குடிபுகும். இரண்டாவது தட்டாகிய நடுக்கிளைகளிலும் பூஞ்செடிகளிலும் மாம்பழக்குருவி, கொண்டைக்குருவி, தேன்சிட்டு என்பன திரியும். மூன்றாவது நிலம். கூட்டமாய்த் தாவிச் சருகைக் கிளறும் புலுனியும், புதரோரத்தே நடக்கும் செண்பகமும், வாலை உயர்த்தி நிற்கும் வண்ணாத்திக்குருவியும் இங்கே இரை தேடுவன.

நிலத்தட்டிற்கு உரிய விருந்தினர் ஒருவரும் உளர். அவரே ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதிகளிலும் குஞ்சு பொரித்து, மாரிகாலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிப்பது இப்பறவை. பச்சை முதுகும், கண்ணூடு செல்லும் கரும்பட்டையும், சிவந்த அடிவயிறும், குட்டை வாலும் இதன் அடையாளங்கள். புலரியிலும் மாலையிலும் இரட்டைச் சீழ்க்கையொலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. ஐப்பசியளவில் நெடுந்தூரம் பறந்து களைத்து வந்து, நிழல் நிறைந்த தோட்டங்களிற் சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் தின்று உயிர்வாழும்.

இவ்விடத்தே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. தூய்மை எனக் கருதி நாம் செய்யுஞ் செயல்கள் சில பறவைக்குப் பகையாகின்றன. சருகு முழுவதையும் கூட்டி எரித்துவிடின் அதனுள் வாழும் புழுபூச்சிகள் அழியும்; அவை அழியின் விருந்தினருக்கு உணவில்லை. பட்ட கிளை யாவற்றையும் வெட்டிவிடின் குக்குறுவானுக்கு வீடில்லை. மக்கள் நடக்கும் பாதையைப் பெருக்குதலும், தலைமேல் விழக்கூடிய கிளையை அகற்றுதலும் வேண்டியனவே. ஆயின் பூங்காவின் ஒரு மூலையேனும் பெருக்காது விடப்படுதல் வேண்டும். அம்மூலையைக் குப்பை என்று கூறாதிருக்கக் கற்பதும் கல்வியேயாம்.

ஆறுமணிக்குருவியின் முதற்குரல் கேட்ட நாளை ஆண்டுதோறும் ஒரு மாணவன் தன் ஏட்டிற் குறித்து வருவானாயின், அஃது எளிய தொழிலாயினும் உண்மையான ஆராய்ச்சியே. குரல் கேளாத ஆண்டையும் அவன் குறித்தல் வேண்டும். இழப்பை முதலில் அறிபவன் அவனே. அவ்வாறு அறிந்தவனே பிறர்க்கு எடுத்துரைக்கவும் வல்லவனாவான்.